வரம்பு தாண்டாத பந்து

ரொறன்ரோவில் என் மகன் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மேல்தட்டில் அவன் பழக்கும் பிள்ளைகள் வென்ற கிண்ணங்கள். அதற்குக் கீழே குடும்பப் படங்கள். நடுத்தட்டில், ஆள் இருக்கும் உயரத்துக்கு நேராக, ஓர் ஊமல். பனங்கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் இனிப்பான பருப்பை, பூரானைத் தின்றபின் எஞ்சுமே, அந்த ஓடு. எங்கள் ஊரில் அதை அடுப்பில் வைத்து எரிப்போம். இங்கே அதற்கு ஒரு சிறிய மின்விளக்குப் போட்டிருக்கிறான். நான் கல்லூரி அணிக்கு ஆடிய காலத்தில் எடுத்த படமும் அலுமாரியில் இல்லாமலில்லை. கீழ்த்தட்டில், ஒரு பூச்சாடிக்குப் பின்னால் இருக்கிறது. குனிந்தால் தெரியும். எனக்கு முழங்கால் வருத்தம், குனிவதில்லை.

காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதிரையில் இருந்தால் அந்த ஊமல் என்னையே பார்க்கும். எனக்கு எரியும். எழுபத்தெட்டு வயதில் நான், எப்போதோ செத்துப்போன ஒருவன்மேல் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும். அழகுக்காகவா ஆள் பொறாமைப்படுகிறான்?

அந்த ஊமலுக்குச் சொந்தக்காரன் என் மச்சான், மனைவியின் அண்ணன். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன். காங்கேசன்துறையில் நானே சைக்கிளோடு போய் நின்றேன். உடுத்த சாரமும், ஒரு கண்ணாடி வெடித்த மூக்குக்கண்ணாடியுமாக இறங்கினான். கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன், மனைவி மக்கள் இல்லாதவன். என் சேட்டு ஒன்றைப் போடக் கொடுத்தேன், அது அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் மாமனார் இரண்டாகப் பிரித்து விட்டுப்போன வளவில் ஒரு பாதி என் மனைவிக்குச் சீதனம், மறுபாதி அவனுக்கு. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை நானும் அவளுமாகக் கூட்டித் துப்புரவாக்கிக் கொடுத்தோம். அந்த நாட்களில் எனக்கு அவன்மேல் வெறும் இரக்கம்தான். இரங்குவது மிகவும் சுகமான வேலை.

அப்போது நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு மாஸ்ரர், உதைபந்தாட்டத்துக்கும் பொறுப்பு. இளமையில் நான் நல்ல பின்வரிசை ஆட்டக்காரன். நான் அடித்தால் பந்து எங்கள் கோலடியிலிருந்து எதிராளி கோலடியில் போய் விழும் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், நானும் திருத்தவில்லை. என் பழக்கம் நேரானது. பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும், மூச்சு வாங்கவேண்டும், பிறகு பந்தை ஓங்கி அடிக்கவேண்டும். பெரிய பெடியன் முன்னுக்கு, சின்னவன் வெளியே. அப்படித்தான் என்னைப் பழக்கினார்கள், அப்படித்தான் நான் பழக்கினேன். கிண்ணங்களும் வந்தன.

மச்சான் பந்தாட்டக்காரனே இல்லை. பெயர் சொல்லும்படி எந்த அணிக்கும் ஆடியதில்லை. ஆனால் கொழும்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களைப் பழக்கும் ஒரு குழுவோடு திரிந்திருக்கிறான், வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தபோது அவருக்குப் பின்னாலேயே அலைந்து எல்லாம் பார்த்திருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் எங்களுக்குத் தெரிந்தது, அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத் தரையில் ஒரு காலை சிறுபிள்ளைகள் நின்றது மட்டும்தான். வெங்காயம் கிண்டி முடிந்த தரை. பாத்திகளும் வரம்புகளும் அப்படியே கிடந்தன. அவன் ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு பிள்ளையை இறக்கி, ஆளுக்கொரு பந்து கொடுத்திருந்தான். பந்து என்றால், பழைய ரெனிஸ் பந்து, அல்லது துணி சுற்றித் தைத்த பந்து. தைத்துக் கொடுத்தவள் என் மனைவி, கிழித்தது என் வேட்டி.

“வெங்காயம் நடுற தரையிலை பெடியளை நட்டிருக்கிறார், விளைஞ்சால் சொல்லுங்கோ” என்று ஊரார் பகிடி பண்ணினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சட்டம் ஒன்றுதான்: பந்து வரம்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பந்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை வரம்பில் இருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. தவழும் வயதிலேயே வரம்பை மிதிக்காதே, பாத்தியை உழக்காதே என்று அடிவாங்கி வளர்ந்தவர்கள். மச்சான் அந்தப் பயத்தை அப்படியே எடுத்துப் பந்துக்குள் வைத்துவிட்டான். பாயளவு இடத்துக்குள் உள்ளங்காலால் பந்தை இழுத்து, உடம்பைத் திருப்பி, அதே காலின் உட்பக்கத்தால் தள்ளி வெளியே வருவார்கள். ஊமல்களைக் கவிழ்த்து வைத்து அவற்றுக்கிடையே வளைந்து போவார்கள். வெள்ளிக்கிழமையென்றால் இடது கால் மட்டும். நடுவில் நின்று அவன் கையை உயர்த்துவான். “எத்தினை விரல்?” என்பான். காலில் பந்து ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தலையை நிமிர்த்தி விரலைச் சொல்லவேண்டும்.

“மாட்ச் எப்ப?” என்று யாராவது கேட்டால் அவனிடம் ஒரே பதில். “முதல்லை பந்தோடை கதைக்கப் பழகுங்கோ. பேந்து ஆக்களோடை போட்டி போடலாம்.”

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. எங்கள் கிணற்றடியில் நின்றால் வேலி இடுக்கால் தோட்டம் முழுவதும் தெரியும். நான் காலையில் பல் விளக்க அங்கேதான் போவேன். நாளாக நாளாகப் பல் விளக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. “உந்தப் பல்லு தேய்ஞ்சு போப்போகுது, இஞ்சாலை வாங்கோ” என்று மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள். சிலவேளை வாயில் பிரஷ் இருக்க, என் வலது கால் தன்பாட்டில் கிணற்றடிச் சீமெந்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். கண்டதும் நிறுத்திவிடுவேன்.

பகிடியாகத் தொடங்கியது எப்போது எரிச்சலாக மாறியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மகன் வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து அந்தப் பக்கம் போன காலைதான். அவனுக்கு அப்போது பத்து வயது, மெலிந்தவன். என் மைதானத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவான். நானும் இவனுக்குப் பந்தாட்டம் சரிவராது, படிக்கட்டும் என்று விட்டிருந்தேன். அந்தப் பிள்ளைதான் பாத்திக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். என்னோடு மைதானத்தில் நின்றபோது அவன் சிரித்து நான் கண்டதில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகளை நான் வளர்த்தேன், என் பிள்ளை வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்தில்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சோற்றோடு மாமாவும் பரிமாறப்பட்டார். மாமா இப்படிச் சொன்னவர், மாமா அப்படிச் செய்தவர். ஒருநாள் கேட்டேவிட்டேன். “நான் என்ன, பந்து காணாத ஆளோ? என்னட்டைக் கேட்டால் சொல்லித்தரமாட்டனோ?” அவன் சோற்றைப் பிசைந்தபடியே, “நீங்கள் ஓடச் சொல்லுவியள் அப்பா, மாமா பாக்கச் சொல்லுவார்” என்றான். குற்றமாக அவன் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை மறைக்கிறாள் என்று தெரிந்தது. “உங்களுக்கு அண்ணையிலை எரிச்சல்” என்று பிறகு பாத்திரம் கழுவும்போது சொன்னாள். “எனக்கென்ன எரிச்சல்?” என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் வேலி தாண்டிப் போயிருக்கும்.

மச்சான் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! பெருமை பேசுபவனாக, என்னைப்பற்றிக் குறை சொல்பவனாக இருந்திருந்தால் நேராகவே வெறுத்திருப்பேன். அவனோ என்னைக் கண்டால் பிள்ளைகளை நிறுத்தி, “மாஸ்ரர் வாறார், வணக்கம் சொல்லுங்கோ” என்பான். பொறாமைக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கொப்புக்கூட இல்லாமல் செய்துவிடுவான்.

இரண்டு மூன்று வருடம் போனது. அவன் பிள்ளைகள் ஒரு போட்டிகூட ஆடவில்லை. சனசமூக நிலையத்தில் எல்லோரும் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலை, எனக்குப் பொறுக்கவில்லை. “மச்சான், உம்மடை பெடியளைப் பாத்திக்கு வெளியிலை ஒருக்கா விடுமன். எங்கடை பதின்மூண்டு வயதுப் பெடியளோடை ஆடட்டும். எத்தினை நாளைக்குப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறது?” என்றேன். எல்லோரும் பேப்பரை மடித்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஓம், ஆடட்டும்” என்றான்.

பள்ளிக்கூட அணியா, மாமாவின் அணியா என்று என் மகன் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தது. தேர்ந்தெடுப்பான் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. “நான் மாமாவோடை ஆடுறன் அப்பா” என்றான், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல. “ஆடு, பாப்பம்” என்றேன். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு ஒரே எண்ணம். அவர்கள் படுமோசமாகத் தோற்கவேண்டும். தோற்று அழுதுகொண்டு வரும் என் பிள்ளையை நான் தோளில் கைபோட்டுக் கூட்டிவரவேண்டும். “பரவாயில்லை, நாளையிலிருந்து என்னோடை வா” என்று சொல்லவேண்டும். எந்த வேப்பமரத்தடியில் நின்று இதைச் சொல்வது என்பதுவரை நான் நினைத்து வைத்திருந்தேன்.

ஆட்டம் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில். நானே நின்று சுண்ணாம்புக் கோடு போடுவித்தேன். கோலடிப் பெட்டிக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. ஊர் திரண்டு வந்திருந்தது, தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடும் சிலர். விசில் ஊதியதும் என் பெடியள் ஓங்கி அடித்துக்கொண்டு ஓடினார்கள். மச்சானின் பெடியள் சின்னவர்கள், வெறுங்காலர்கள். ஆனால் பந்து அவர்களிடம் போனால் திரும்பி வரவில்லை. ஒருவன் இழுத்துத் திரும்பினான், அடுத்தவன் பார்க்காமலே வாங்கினான், ஊரே வாயைப் பிளந்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கோலடிப் பெட்டிக் கோடு வரை அழகாகப் பந்தைக் கொண்டுவந்தவன், கோட்டைக் கண்டதும் பந்தை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். எதிரே மறிக்க யாருமில்லை. அடுத்தவன் வந்தான், அவனும் கோட்டில் திரும்பினான். என் மகனும்தான். ஒருவன் வெள்ளைக்கோட்டில் கால் படாமல் சறுக்கி விழுந்தே விட்டான். பாத்திக்குள் வளர்ந்த கால்கள் வரம்பைக் கண்டதும் நின்றுவிட்டன.

எனக்குத்தான் முதலில் விளங்கியது, விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இதற்கிடையில் என் பெரிய பின்வரிசைப் பெடியன் ஓங்கி அடித்த பந்து அவர்கள் கோலுக்குள் போனது. என் அடி, நான் பழக்கிய அடி. அந்த இடைவேளைதான் என் வாழ்க்கையின் மிக நல்ல இடைவேளை.

மச்சான் பெடியளைக் கூட்டிக்கொண்டு நேரே கோலடிப் பெட்டிக்குப் போனான். திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைக்கோட்டில் ஏறி நின்றான். “இஞ்சை பாருங்கோ. உது வரம்பில்லை. வெறும் சுண்ணாம்பு. மிதியுங்கோ” என்றான். ஒருவரும் அசையவில்லை. “பயிர் ஒண்டும் சாகாது. மிதியுங்கோ.” முதலில் கால் வைத்தவன் என் மகன். பிறகு எல்லோரும் கோட்டில் குதித்தார்கள். நடுவர் கோடு அழிகிறது என்று கத்தினார். உள்ளங்கால் எல்லாம் வெள்ளையாகத்தான் அவர்கள் மிச்ச ஆட்டத்துக்கு வந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததை ஊரில் இன்னமும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கோல் திருப்பிக் கொடுத்துச் சமநிலையில் நின்றபோது, என் மகனுக்குப் பந்து வந்தது. கோட்டுக்குள் நுழைந்தான். என் பெரிய பெடியன் குறுக்கே வந்தான். மகன் தலையை நிமிர்த்தி, பந்தை உள்ளங்காலால் இழுத்து, உடம்பைத் திருப்பி, அதே காலால் தள்ளி அவனைக் கடந்து, மெல்லத் தட்டிவிட்டான். பந்து கோலுக்குள் உருண்டு போனது. தோற்றது என் அணி. ஆனால் என் கைகளுக்கு அது தெரியவில்லை. அவை தாமாக மேலே எழுந்தன. மகன் திரும்பினான், ஓடிவந்தான். என்னை நோக்கித்தான் வருகிறான் என்று ஒரு கணம் நம்பினேன். எனக்கு நாலு எட்டுத் தள்ளி நின்ற மச்சானின் மேல் போய்த் தாவிவிட்டான். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன்.

மச்சான் என்னைக் கண்டுவிட்டான். மகனை இறக்கி, காதில் சொன்னது எனக்குக் கேட்டது. “போ, அப்பாவிட்டைப் போ.” அவன் வந்தான். என் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். அந்த அணைப்பு இன்றும் என் உடம்பில் இருக்கிறது. அனுப்பி வந்த அணைப்பு அது, வேறொருவன் தன் தட்டிலிருந்து எடுத்து எனக்கு வைத்தது. அதை அவன் செய்யாமலே விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் “ஆர் வெண்டது?” என்று மனைவி கேட்டாள். “உன்ரை மகன்” என்றேன். மாலையில் மச்சான் வேலிப் பொட்டடியில் வந்து நின்றான். “மச்சான், பெடியன்ரை நிதானம் உம்மடை இரத்தம். நான் பழக்கி வந்ததில்லை” என்றான். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

அந்தப் பாத்திப் பள்ளிக்கூடம் அதிக காலம் நிலைக்கவில்லை. ஷெல் விழத் தொடங்கியதும் அதே தரையில் பதுங்குகுழி வெட்டினோம். பெடியள் ஒவ்வொருவராக ஒவ்வொரு திசைக்குப் போனார்கள். என் மகனைத் தொண்ணூறில் வெளிநாட்டுக்கு அனுப்பினோம். கிளம்பும்போது நான் கல்லூரிக் காலத்தில் வாங்கிய மெடலைக் கொடுத்தேன். “உது உங்களிட்டையே இருக்கட்டும் அப்பா, வழியிலை துலைஞ்சிடும்” என்றான். நியாயம்தான். ஆனால் பையில் உடுப்புகளுக்கு நடுவே ஓர் ஊமலைச் சுற்றி வைத்திருந்ததை நான் கண்டேன். அது மட்டும் துலையாதோ?

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது மச்சானும் எங்களோடு வந்தான். நெஞ்சுச் சளியோடு வந்தவன், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையிலேயே போய்ச் சேர்ந்தான். அந்த நெருக்கடியிலும் அவனிடம் பழகிய பெடியள், மீசை முளைத்த ஆம்பிளைகள், எங்கிருந்தெல்லாமோ சைக்கிளில் வந்து பாடையைத் தூக்கினார்கள். எனக்கு ஒரு கை வைக்கக்கூட இடம் தரவில்லை. மனைவி அழுதாள், நானும் அழுதேன். அழுதுகொண்டே, நான் செத்தால் எத்தனை பேர் இப்படி வருவார்கள் என்றும் எண்ணிக்கொண்டேன். மனம் அப்படிப்பட்டது, நான் என்ன செய்ய?

இப்போது மகன் சனிக்கிழமைகளில் பெரிய மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறான். அக்கடமி என்று பெயர். செம்மஞ்சள் நிறத்தில் பிளாஸ்ரிக் கூம்புகள், ஆளுக்கொரு பந்து. ஒரு காலை என்னையும் கூட்டிப் போனான். கையை உயர்த்தி விரலைக் காட்டினான், பல நிறப் பிள்ளைகள் தலையை நிமிர்த்திக் கத்தின. எனக்குக் குளிருகிறது என்று காருக்குள் போய் இருந்துவிட்டேன்.

நேற்று எல்லோரும் வேலைக்குப் போய்விட, நானும் ஒன்பது வயதுப் பேத்தியும் மட்டும் வீட்டில். அவள் அலுமாரியைத் திறந்து, அந்த ஊமலைச் சட்டென்று எடுத்துக் கம்பளத்தில் கவிழ்த்து வைத்தாள். பஞ்சுப் பந்து ஒன்றையும் என் காலடியில் உருட்டிவிட்டாள். “அப்பப்பா, உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?”

“தெரியுமோவோ? நான் அடிச்சால் பந்து எங்கை போய் விழும் தெரியுமே?”

“அடிக்க வேண்டாம், கண்ணாடி உடையும். இதைச் சுத்திக் கொண்டு போங்கோ.”

கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நான் ஒருநாளும் பழகாத வேலை, என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வலது கால் முன்னே போனது. உள்ளங்கால் பந்தின்மேல் மெல்ல அமர்ந்தது, இழுத்தது, உடம்பு தானாகத் திரும்பியது, அதே காலின் உட்பக்கம் பந்தைத் தள்ளியது. பந்து ஊமலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் அவள் காலடியில் நின்றது. வருடக்கணக்காக வேலி இடுக்கால் நான் பார்த்ததை அந்தக் கால் ஒன்றும் மறந்திருக்கவில்லை.

பேத்தி கைதட்டினாள். “அப்பா மாதிரியே செய்யிறீங்கள்! உங்களையும் அந்த மாமாதான் பழக்கினவரோ?”

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். மகன் அவன் பக்கம் போனான், மனைவி போனாள், ஊரே போனது. இதுவாவது என்னோடு நிற்கிறது என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.